சைபர் செக்யூரிட்டி எம்.டெக்.: விண்ணப்பம் முதல் வைவா வரை

இந்தியாவில் சைபர் செக்யூரிட்டி முதுகலை என்றால் மூன்று பாதைகள் உண்டு. பி.இ., பி.டெக். முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு எம்.டெக். அல்லது எம்.இ.; பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களுக்கு எம்.எஸ்சி.; வேலையில் இருப்பவர்களுக்கு வார இறுதியில் இணையவழியாக நடக்கும் படிப்பு. இந்தக் கட்டுரை முதல் பாதையில் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. லேப், கிரிப்டோ (தகவலை மறையாக்கும் கிரிப்டோகிராஃபி), தீசிஸ் பற்றிய பகுதிகள் மற்ற இருவருக்கும் அப்படியே பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்கான 'காலி லினக்ஸ்' இயங்குதளத்தில் இருக்கும் கருவிகளை ஓட்டக் கற்றுக்கொள்ள முதுகலை தேவையில்லை. அதற்கு ஆறு மாதமும் நல்ல இணைய இணைப்பும் போதும். ஒரு தாக்குதல் ஏன் வேலை செய்கிறது, எந்த நிபந்தனை மாறினால் செய்யாது, அதை எண்களோடு எப்படி நிரூபிப்பது என்பதற்குத்தான் இந்த இரண்டு ஆண்டு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்தத் தலைப்பு என்ற முடிவுகள் பாதி தானாகவே எடுபட்டுவிடும்.

இடம் தேடும்போது

பிப்ரவரியில் நடக்கும் தேசிய அளவிலான கேட் (GATE) நுழைவுத் தேர்வுதான் பிரதான வாசல். கணினி அறிவியல் தாளில் 65 கேள்விகள், 100 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 15 மதிப்பெண் பொதுத்திறனுக்கு. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கும், 2 மதிப்பெண்ணுக்கு மூன்றில் இரண்டும் கழியும். ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ள கேள்விக்கும், எண்ணை நாமே எழுதும் கேள்விக்கும் கழிவு கிடையாது. எனவே அந்த இரண்டு வகையையும் ஒருபோதும் காலியாக விடாதீர்கள். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

ஐஐடி இடங்களுக்குக் கோஆப் தளம், என்ஐடி இடங்களுக்கு சிசிஎம்டி கவுன்சிலிங். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் என்றால் 2023 முதல் சீட்டா-பிஜி தேர்வு, பிறகு டான்கா கவுன்சிலிங். இங்கே பலர் சறுக்குவது உதவித்தொகை விஷயத்தில். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தரும் மாதம் 12,400 ரூபாய், அதிகபட்சம் 24 மாதத்துக்கு, கேட் தகுதியோடு முழுநேரமாகச் சேர்பவருக்குத்தான். சீட்டா மதிப்பெண்ணில் மட்டும் சேர்ந்தால் அது கிடைக்காது. கணக்குப் போட்டால் மொத்தம் 2,97,600 ரூபாய். பல கல்லூரிகளில் இரண்டு ஆண்டுக் கட்டணத்தின் பெரும்பகுதியை இது தாங்கும். இன்னும் ஓராண்டு காத்திருந்து கேட் எழுதலாமா என்று யோசிப்பவர்கள் இந்தத் தொகையையும் தராசில் வைக்க வேண்டும். தகுதி இருந்தும் பணம் வராமல் தவிப்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படாததுதான். சேர்க்கைக்கு முன்பே வங்கிக்குப் போய் அதை முடித்துவிடுங்கள்.

சைபர் செக்யூரிட்டி என்ற பெயரிலேயே எம்.டெக். நடத்தும் இடங்களில் ஐஐடி கான்பூர், என்ஐடி குருக்ஷேத்ரா, கோவை எட்டிமடையில் உள்ள அமிர்தா ஆகியவை உண்டு. தடயவியல் பக்கம் ஆர்வம் இருந்தால் காந்திநகரில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஆனால் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 'சைபர்' என்ற சொல் இல்லாத எம்.இ. கணினி அறிவியலில் சேர்ந்து, நல்ல கிரிப்டோ ஆசிரியரிடம் தீசிஸ் செய்தவர் பெயர்ப்பலகை மட்டும் உள்ள இடத்தில் படித்தவரைவிடத் தெளிவாக இருப்பார்.

கல்லூரியை எடைபோட மூன்று கேள்விகள் போதும். கடந்த மூன்று ஆண்டு தீசிஸ் தலைப்புகளைக் காட்ட முடியுமா? செக்யூரிட்டி பாடங்களை எடுப்பவர்களில் எத்தனை பேர் அந்தத் துறையிலேயே ஆய்வு செய்தவர்கள்? வெளி நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்ட தனி லேப் இருக்கிறதா? முதல் கேள்விக்குக் கிடைக்கும் பட்டியலில் பாதிக்கு மேல் 'டீப் லேர்னிங் கொண்டு ஊடுருவல் கண்டறிதல்' என்றே இருந்தால், அங்கே வழிகாட்டுதல் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். காரணம் பின்னால் வருகிறது.

சேர்வதற்கு முன் எட்டு வாரம்

கவுன்சிலிங் முடிந்து வகுப்பு தொடங்கும்வரை கிடைக்கும் இடைவெளியை வீணாக்க வேண்டாம். முதல் மூன்று வாரம் சி மொழிக்கு. பாயின்டர், அரே, ஸ்டாக், ஹீப், ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படும்போது திரும்பும் முகவரி எங்கே போய் உட்காருகிறது என்பதை நிரலைப் படிப்படியாக ஓட்டிப் பார்க்கும் ஜிடிபி டீபக்கரில் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அடுத்த இரண்டு வாரம் லினக்ஸ் கமாண்ட் லைன்: அனுமதிகள், செட்யுஐடி (நிரலை அதன் உரிமையாளரின் உரிமையோடு ஓட்டும் அமைப்பு), ப்ராசஸ், லாக் கோப்புகள். ஓவர்-தி-ஒயர் தளத்தின் பேண்டிட் விளையாட்டு இதற்கு இலவசமான, மிக நல்ல பயிற்சி.

ஆறாவது, ஏழாவது வாரம் நெட்வொர்க் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் ஒயர்ஷார்க். உங்கள் கணினியில் ஒரே ஒரு இணையதளத்தைத் திறந்து, அந்தப் போக்குவரத்தைப் பிடியுங்கள். டிஎன்எஸ் கேள்வி, டிசிபியின் மூன்று கட்டக் கைகுலுக்கல், பிறகு இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ்ஸின் தொடக்கச் செய்தி என வரிசையாக அடையாளம் காணுங்கள். பழைய லேப் கையேடுகள் 'சான்றிதழ் பாக்கெட்டைத் திறந்து பார்' என்று சொல்லும், தேடினால் கிடைக்காது. பிடிப்பில் தவறில்லை. 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3இல் சர்வர் அனுப்பும் சான்றிதழும் மறையாக்கப்பட்டே வருகிறது, 1.2 வரை அது வெளிப்படையாகத் தெரியும். ஆனால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர், 1.3இலும் தொடக்கச் செய்தியில் பொதுவாக அப்படியே தெரியும். இந்த ஒரு வேறுபாட்டைத் தானாகக் கண்டுபிடித்தவருக்கு நெட்வொர்க் செக்யூரிட்டி பாடத்தில் பாதிப் பயம் போய்விடும்.

எட்டாவது வாரம் கணக்கு. மாடுலோ எண்கணிதம், யூக்ளிட் முறை, ஆய்லர் தேற்றம், நிபந்தனை நிகழ்தகவு. இவற்றை முதல் செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், அங்கே ஆசிரியர் இரண்டே வகுப்பில் கடந்துவிடுவார்.

வீட்டு லேப்: 16 ஜிபி, அதற்குக் குறையாமல்

லேப்டாப் வாங்கும்போது 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே லேப்டாப்புக்குள் விர்ச்சுவல் மெஷின்களாக ஓடும் காலி லினக்ஸுக்கு 4 ஜிபி, ஒரு விண்டோஸ் சர்வருக்கு 4 ஜிபி, தாக்கிப் பழகும் இலக்கான மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2க்கு 1 ஜிபி கொடுத்தால் மிச்சத்தில்தான் உங்கள் சொந்த இயங்குதளமும் பிரவுசரும் ஓட வேண்டும். விண்டோஸ் சர்வரை விலைக்கு வாங்க வேண்டாம். 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள மேக்புக்கைத் தவிர்ப்பது நல்லது. அது மோசமான கணினி அல்ல. ஆனால் லேப் பயிற்சிகளில் பெரும்பாலானவை இன்டெல் வகைச் சிப்புக்காகக் கட்டப்பட்டவை. ஏஆர்எம் சிப்பில் அவற்றை எமுலேட் செய்துதான் ஓட்ட வேண்டும், ஆமை வேகம்தான் கிடைக்கும்.

இந்த மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவியதும் 64 பிட் இயங்குதளங்கள் பட்டியலிலேயே வரவில்லையா? பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறது. வருகிறது, ஆனால் மெஷின் தவழ்கிறதா? ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அமைப்பான ஹைப்பர்-வி சிப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. அதையும் மெமரி இன்டெக்ரிட்டி அமைப்பையும் அணைத்து மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மெமரி இன்டெக்ரிட்டி உங்கள் கணினிக்கான பாதுகாப்பு. லேப் வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் போடுங்கள்.

நெட்வொர்க் அமைப்பில்தான் உண்மையான ஆபத்து. மெட்டாஸ்ப்ளாய்டபிள் வேண்டுமென்றே ஓட்டைகளோடு கட்டப்பட்டது. அதை 'பிரிட்ஜ்டு' முறையில் ஓட்டினால் ஹாஸ்டல் வைஃபையில் அது ஒரு தனிக் கணினியாக நிற்கும். பக்கத்து அறையில் இருப்பவர் உள்ளே நுழைந்து, அங்கிருந்து மற்ற கணினிகளைத் துழாவலாம். எப்போதும் 'ஹோஸ்ட்-ஒன்லி' அல்லது 'இன்டர்னல்' முறைதான். காலி லினக்ஸுக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு கொடுத்து, ஒன்றை இணையத்துக்கும் மற்றொன்றை லேபுக்கும் வையுங்கள். ஸ்கேன் தொடங்கும் முன் இலக்கு முகவரி 192.168.56 என்று தொடங்குகிறதா என ஒருமுறை உரக்கப் படியுங்கள். அது விர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வரிசை.

அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினியைத் தொடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66ஆம் பிரிவுகளின் கீழ் வருகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'படிப்புக்காகச் செய்தேன்' என்பது அனுமதி ஆகாது. கல்லூரியின் சொந்த சர்வரைச் சோதிக்க வேண்டும் என்றாலும் துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள்: எந்த முகவரிகள், எந்த நாள், எந்த நேரம், எந்த வகைச் சோதனை. வாய்மொழியாகச் சொன்னது பிரச்சினை வரும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

கிரிப்டோ: கையால் ஒருமுறை

பொதுத் திறவுகோல் மறையாக்க முறையான ஆர்எஸ்ஏவைப் புரிந்துகொள்ள ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். 13, 23 என்ற இரண்டு பகா எண்கள். பெருக்கினால் 299. ஒன்று கழித்துப் பெருக்கினால் 12 × 22 = 264. பொதுத் திறவுகோல் 5. இதற்கு இணையான ரகசியத் திறவுகோல் 53, ஏனென்றால் 5 × 53 = 265, 264ஆல் வகுத்தால் மீதி 1. இப்போது 7 என்ற செய்தியை 5ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் 16,807. 299ஆல் வகுத்தால் மீதி 63. அதுதான் மறைசெய்தி. 63ஐ 53ஆம் அடுக்குக்கு உயர்த்தி 299ஆல் வகுத்துப் பாருங்கள், 7 திரும்ப வரும். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் மீதியை எடுத்துக்கொண்டே போனால் கால்குலேட்டரே போதும்.

இதைச் செய்துவிட்டு, அதே செய்தியை இரண்டு முறை மறையாக்குங்கள். இரண்டு முறையும் 63 தான் வரும். வாக்கெடுப்பில் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு செய்திகள் மட்டுமே போகும் என்றால், ஒட்டுக்கேட்பவர் இரண்டையும் தானே மறையாக்கி ஒப்பிட்டாலே போதும். திறவுகோலை உடைக்க வேண்டியதே இல்லை. செய்தியோடு தற்செயல் எண்களைச் சேர்க்கும் பேடிங் ஏன் கட்டாயம் என்பது இப்போது விளங்கும். பாடத்தில் 'பேடிங் சேர்க்க வேண்டும்' என்று ஒரு வரியாக வருவது, கையால் போட்டவருக்கு மறக்காது.

இரு தரப்புக்கும் ஒரே ரகசியத் திறவுகோலைப் பயன்படுத்தும் ஏஇஎஸ்ஸில் 128, 192, 256 பிட் திறவுகோலுக்கு முறையே 10, 12, 14 சுற்று என்பது இரண்டு மதிப்பெண் கேள்விக்கான பதில். வேலையில் வெடிப்பது அங்கே அல்ல, பயன்படுத்தும் முறையில். இசிபி முறையில் ஒரே மாதிரியான 16 பைட்டுகள் ஒரே மாதிரியான மறைசெய்தியாக மாறுவதால், ஒரு படத்தை மறையாக்கினாலும் அதன் உருவம் அப்படியே தெரியும். ஜிசிஎம் முறையில் ஒரே திறவுகோலோடு ஒரு நான்ஸை (ஒருமுறை மட்டுமே பயன்பட வேண்டிய எண்) இரண்டு முறை பயன்படுத்திவிட்டால் இரண்டு செய்திகளின் எக்ஸ்ஆர் (XOR) வெளியே வந்துவிடும், போலிச் செய்தி தயாரிக்கவும் வழி பிறக்கும். பழைய வைஃபையின் வெப் (WEP) மறையாக்க முறை விழுந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் அதன் 24 பிட் தொடக்க எண். மொத்தமே 1,67,77,216 எண்கள். பிறந்தநாள் கணக்கின்படி ஏறத்தாழ 4,800 பாக்கெட்டுகளிலேயே ஒன்று திரும்ப வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரபரப்பான நெட்வொர்க்கில் அது சில விநாடிகள்.

இந்தப் பிழைகளை நீங்களே உடைத்துப் பார்க்க கிரிப்டோபால்ஸ் தளத்தின் பயிற்சிகள் இருக்கின்றன. முதல் இரண்டு தொகுதியை ஒரு செமஸ்டருக்குள் பைத்தானில் முடியுங்கள். விடையைத் தேடிப் படித்தால் பயன் பூஜ்யம்.

பஃபர் ஓவர்ஃப்ளோ: ஏன் வேலை செய்யவில்லை?

சிராகூஸ் பல்கலைக்கழகத்தில் உருவான சீட் லேப்ஸ் பயிற்சிகளைப் பல கல்லூரிகள் பாடத்திட்டத்தில் வைத்திருக்கின்றன. கட்டணம் இல்லை, மெஷின் படமும் கிடைக்கும். அதில் எல்லோரும் முட்டி நிற்பது பஃபர் ஓவர்ஃப்ளோவில்: ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதி, திரும்பும் முகவரியை மாற்றி, கட்டளை ஓட்டும் ஷெல்லைத் திறக்கும் தாக்குதல். படிகளை அப்படியே செய்தும் ஷெல் வராது. காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்.

முகவரிகளைத் தற்செயலாக மாற்றும் ஏஎஸ்எல்ஆர் அணைந்திருக்கிறதா? ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஸ்டாக் முகவரி மாறினால் கணித்த முகவரி வீண். பிறகு, நிரலைத் தொகுத்தபோது ஸ்டாக் கேனரியை (மேலெழுதலைக் கண்டுபிடிக்கும் காவல் மதிப்பு) அணைத்தீர்களா, ஸ்டாக்கில் உள்ள குறியீட்டை இயக்க அனுமதித்தீர்களா? 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்' என்று செய்தி வந்தால் கேனரி இன்னும் உயிரோடு இருக்கிறது. செய்தியே இல்லாமல் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் ஸ்டாக்கில் குறியீட்டை இயக்க அனுமதி இல்லை, அல்லது முகவரிப் பிழை.

முகவரிப் பிழையில்தான் அதிக நேரம் போகும். ஜிடிபிக்குள் பார்த்த முகவரியும் வெளியே ஓடும்போது இருக்கும் முகவரியும் ஒன்றல்ல. ஜிடிபி தன் பங்குக்குச் சில சூழல் மாறிகளைச் சேர்க்கிறது. அவை ஸ்டாக்கின் உச்சியில் இடம் பிடிப்பதால் எல்லாமே சில பத்து பைட்டுகள் கீழே தள்ளப்படுகின்றன. அதனால்தான் ஷெல்லைத் திறக்கும் ஷெல்கோடுக்கு முன் எதுவும் செய்யாத நாப் கட்டளைகளை நிரப்பி, அந்தச் சறுக்குமரத்தின் நடுவே குறிவைக்கிறோம். இன்னொன்று: உள்ளீட்டை ஸ்ட்ரிங் காப்பி ஃபங்ஷன் நகலெடுக்கிறது என்றால், நடுவில் பூஜ்ய பைட் வந்த இடத்தோடு அது நின்றுவிடும். 64 பிட் முகவரிகளின் மேல் பைட்டுகள் பூஜ்யமாகவே இருப்பதால் 32 பிட் பயிற்சியில் வென்றது 64 பிட்டில் தோற்கும்.

எல்லாம் சரி, ஷெல் வந்துவிட்டது, ஆனால் முழு உரிமை தரும் ரூட் இல்லை என்றால் டேஷ் ஷெல்லைப் பாருங்கள். தன்னை அழைத்தவரின் உண்மை அடையாளமும் செயல் அடையாளமும் வேறாக இருந்தால் அது உரிமையைத் துறந்துவிடும்.

இந்தப் பயிற்சியின் அறிக்கையில் வெற்றிபெற்ற ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு தடுப்பையும் ஒன்றொன்றாகத் திரும்பப் போட்டு, எந்தப் படியில் தாக்குதல் நின்றது என்று எழுதுங்கள். அந்த இரண்டு பக்கம்தான் நேர்முகத் தேர்வில் உங்களுக்காகப் பேசும்.

சட்டமும் தடயவியலும்

தொழில்நுட்ப மாணவர்கள் அலட்சியம் செய்யும் பாடம் இது. வேலையில் முதல் வாரமே தேவைப்படுவதும் இதுதான். இந்தியாவின் சைபர் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவு வந்துவிட்டது. மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் (தரவின் கைரேகை போன்ற எண்), எந்த முறையில் எடுத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். பழைய நோட்ஸை வைத்து 65பி என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்.

லேபில் டிஸ்க் இமேஜ் எடுக்கும்போது டிஸ்க்கில் எதையும் எழுதவிடாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் இல்லாமல் இணைக்கவே கூடாது. சொருகியதுமே இயங்குதளம் எதையாவது எழுதிவிடும், ஹாஷ் மாறிவிடும். எஸ்எஸ்டியில் அழித்த கோப்பு ஹார்ட் டிஸ்க்கில் கிடைப்பதுபோலக் கிடைக்காததற்குக் காரணம் ட்ரிம். அழிந்த பகுதிகளை டிஸ்க்கே பின்னணியில் துடைத்துவிடுகிறது. பயிற்சிக்கு 8 ஜிபி பென்டிரைவே போதும். பெரிய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு இமேஜ் முடியக் காத்திருந்தே லேப் நேரம் போய்விடும்.

தீசிஸ்: மூன்றாம் செமஸ்டர் தொடங்கும் முன்பே

ஃபேஸ் 1, ஃபேஸ் 2 என்று இரண்டு செமஸ்டர் இருப்பதால் நேரம் நிறைய இருப்பதாகத் தோன்றும். ரிவியூக்கள், விடுப்பு, கேம்பஸ் தேர்வுகள் போக உண்மையில் கிடைப்பது ஏழெட்டு மாதம். தலைப்பை இரண்டாம் செமஸ்டர் விடுமுறையில் முடிவுசெய்துவிடுங்கள்.

இப்போது அந்த 'டீப் லேர்னிங் கொண்டு ஊடுருவல் கண்டறிதல்' விஷயத்துக்கு வருவோம். இதை எடுப்பவர்கள் பெரும்பாலும் கேடிடி கப் 99 தரவையோ சிஐசி-ஐடிஎஸ் 2017 தரவையோ இறக்கி, நான்கு மாடல் ஓட்டி, 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் என்று எழுதி முடிக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் மூன்று குழிகள் இருக்கின்றன.

முதல் குழி தரவிலேயே. கேடிடியின் அடிப்படை 1998இல் செயற்கையாக உருவாக்கிய போக்குவரத்து. எல்லோரும் பயன்படுத்தும் 10 சதவீதக் கோப்பில் 4,94,021 பதிவுகள். அதில் 2,80,790 ஒரே ஒரு தாக்குதலான ஸ்மர்ஃப். நெப்டியூன் என்ற இன்னொரு தாக்குதலையும் சேர்த்தால் முக்கால் பங்குக்கும் மேல். முழுப் பயிற்சித் தொகுப்பில் சுமார் 78 சதவீதம் நகல்கள் என்று 2009இலேயே காட்டிவிட்டார்கள். எதைக் கேட்டாலும் 'ஸ்மர்ஃப்' என்று சொல்லும் மாடலே இங்கே பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிடும்.

இரண்டாவது குழி பிரிப்பில். சிஐசி-ஐடிஎஸ் 2017 தரவு அந்த ஆண்டு ஜூலை 3 முதல் 7 வரை ஐந்து நாள் பிடிக்கப்பட்டது. ஒவ்வொரு தாக்குதலும் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட முகவரியிலிருந்து. தரவைக் குலுக்கி 80க்கு 20 என்று பிரித்தால் ஒரே தாக்குதலின் பாதி பயிற்சியிலும் மீதி சோதனையிலும் விழும். மாடல் படித்தது தாக்குதலை அல்ல, தாக்கியவரின் முகவரியை. ஃப்ளோ (இரண்டு கணினிகளுக்கு இடையிலான ஒரு இணைப்பின் பதிவு) ஐடி, ஐபி முகவரிகள், நேர முத்திரை மூன்றையும் நீக்குங்கள். சேருமிட போர்ட்டை நீக்கியும் வைத்தும் இரண்டு முறை ஓட்டுங்கள். நேரப்படி பிரியுங்கள். ஸ்மோட் (குறைவான வகையின் மாதிரிகளைச் செயற்கையாகப் பெருக்கும் முறை), நார்மலைசேஷன் ஆகியவற்றைப் பிரித்த பிறகு, பயிற்சிப் பகுதியில் மட்டும் கற்றுக்கொள்ள விடுங்கள். வினாடிக்கு எத்தனை பைட் என்ற நெடுவரிசையில் முடிவிலி மதிப்புகள் வரும். கால அளவு பூஜ்யமான ஃப்ளோக்கள் அவை. என்ன செய்தீர்கள் என்று தீசிஸில் எழுத வேண்டும்.

மூன்றாவது குழியை ஒரு கணக்கே காட்டிவிடும். ஒரு வளாக நெட்வொர்க்கில் நாளைக்கு 10 லட்சம் ஃப்ளோ, அதில் 20 மட்டும் தாக்குதல் என்று வைப்போம். உங்கள் மாடல் தாக்குதலில் 99 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்லதில் 1 சதவீதத்தை மட்டும் தவறாகச் சொல்கிறது. பிடிபடுவது ஏறக்குறைய அந்த 20. பொய் எச்சரிக்கை 10,000. கண்காணிப்பு அறையில் இருப்பவர் 500 எச்சரிக்கையைத் திறந்தால் ஒன்று உண்மையாக இருக்கும். இரண்டாம் நாளே அவர் அதை அணைத்துவிடுவார். எனவே துல்லியம் என்ற ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, பிரிசிஷன் (எச்சரிக்கைகளில் உண்மையானவை எத்தனை பங்கு), ரீகால் (தாக்குதல்களில் பிடிபட்டவை எத்தனை பங்கு), ஒரு நாளைக்கு எத்தனை பொய் எச்சரிக்கை என்பவற்றை எழுதுங்கள்.

இந்தக் குழிகளே நல்ல தலைப்புகள்! குலுக்கிப் பிரித்தால் கிடைக்கும் எண்ணுக்கும் நாள்வாரியாகப் பிரித்தால் கிடைக்கும் எண்ணுக்கும் இடைவெளி எவ்வளவு, எந்த அம்சம் அதற்குக் காரணம் என்று ஒழுங்காக அளந்தாலே அது ஒரு நேர்மையான எம்.டெக். தீசிஸ். மாடலின் எண் விழுந்ததைக் காட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேறு திசை வேண்டுமென்றால் குவாண்டம் கணினிகளின் தாக்குதலையும் தாங்கும் போஸ்ட்-குவாண்டம் கிரிப்டோ. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் முதல் மூன்று தரநிலைகளை வெளியிட்டது. அதில் ரகசியத் திறவுகோலைப் பரிமாற உதவும் எம்எல்-கெம் 768இன் பொதுத் திறவுகோல் 1,184 பைட். அதே வேலைக்கு நாம் இன்று பயன்படுத்தும் எக்ஸ்25519க்கு 32 பைட். இரண்டையும் சேர்த்து அனுப்பினால் 1,216. ஈதர்நெட் பாக்கெட்டின் எல்லை 1,500 என்பதால் டிஎல்எஸ் தொடக்கச் செய்தி இரண்டு பாக்கெட்டாக உடைய நேரும். மெதுவான இணைப்பில், சிறிய மைக்ரோகன்ட்ரோலரில் இதனால் கூடும் தாமதம் எவ்வளவு? இரண்டு போர்டு, ஒரு ரவுட்டர், பாக்கெட் இழப்பை 0, 1, 3, 5 சதவீதமாக மாற்றும் கருவி இருந்தால் மேசையிலேயே அளக்கலாம். ஒவ்வொரு அமைப்புக்கும் குறைந்தது 100 முறை ஓட்டி, சராசரியோடு மீடியனையும் 95ஆம் சதமானத்தையும் தாருங்கள். சராசரி மட்டும் கொடுத்தால் இழப்பு நேர்ந்த சில ஓட்டங்கள் மொத்தப் படத்தையும் கோணலாக்கிவிடும்.

எந்தத் தலைப்பானாலும் முதல் எட்டு வாரத்துக்குள் ஏற்கெனவே வெளியான ஒரு ஆய்வுக்கட்டுரையின் முடிவை உங்கள் கணினியில் திரும்ப எடுத்துவிடுங்கள். எடுக்க முடியவில்லை என்றால் ஏன் என்று தேடும்போதே உங்கள் சொந்தக் கேள்வி பிறக்கும். கைடிடம் வாரம் ஒருமுறை ஒரு பக்கம் கொடுங்கள்: செய்தது, தடைபட்டது, அடுத்து. அந்தப் பக்கங்கள் கடைசியில் இரண்டு அத்தியாயமாகிவிடும்.

பல இடங்களில் கட்டுரை வெளியிட்டால்தான் வைவா என்ற விதி இருக்கிறது. அந்த நெருக்கடியில் 'ஸ்கோபஸ் உறுதி, ஏழு நாளில் ஏற்பு' என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பணம் கட்டாதீர்கள். ஆய்வு இதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் சொந்தப் பட்டியலில் அந்த இதழின் ஐஎஸ்எஸ்என் எண் இன்றும் செயலில் இருக்கிறதா என நீங்களே பாருங்கள். நீக்கப்பட்ட இதழ்கள் பழைய முத்திரையோடு சுற்றிக்கொண்டே இருக்கும். மாநாட்டுக் கட்டுரை ஏற்கப்பட மூன்று, நான்கு மாதம் ஆகும் என்பதால் முதல் வரைவு நான்காம் செமஸ்டர் தொடக்கத்தில் தயாராக வேண்டும்.

ஒற்றுமைச் சோதனையில் யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மீண்டும் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. எண்ணைக் குறைக்கச் சொற்களை மாற்றும் மென்பொருளை நம்பாதீர்கள். அது 'ஹாஷ்' என்பதையும் வேறு சொல்லாக மாற்றிவிட்டுப் போகும், வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

வைவா நாளுக்கு

டெமோவை நேரலையில் காட்டுங்கள், ஆனால் மூன்று நிமிட ஸ்கிரீன் பதிவு ஒன்றும் பென்டிரைவில் இருக்கட்டும். விர்ச்சுவல் மெஷினை ஓவிஏ கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொரு லேப்டாப்பில் ஒருமுறை திறந்து பாருங்கள். பைத்தான் நூலகங்களின் பதிப்பு எண்களை ஒரு கோப்பில் பதிந்து வையுங்கள்; டென்சர்ஃப்ளோ ஒரு பதிப்பு மாறினாலே பழைய நோட்புக் ஓட மறுக்கும். கல்லூரி நெட்வொர்க்கில் பல போர்ட்டுகள் அடைக்கப்பட்டிருக்கும் என்பதால் இணையம் தேவைப்படாத டெமோவாக அமையுங்கள்.

வெளித்தேர்வாளர் பெரும்பாலும் முதலில் கேட்பது, 'இதை யார், எதற்கு எதிராகப் பயன்படுத்துவார்?' என்பதுதான். தாக்குபவரிடம் என்ன இருக்கிறது, எதைப் பார்க்க முடியும், எதைச் செய்ய முடியாது என்று உங்கள் அச்சுறுத்தல் மாதிரியை ஐந்து வரியில் எழுதி, முதல் அத்தியாயத்தின் இரண்டாம் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். தலைப்புப் பக்கத்துக்கு அடுத்த ஸ்லைடும் அதுவாகவே இருக்கட்டும்.